கிரிமினல் வழக்கில் வக்கீல் சரியில்லையா? என்ன செய்யலாம்

வாய்தாவுக்கு வாய்தா அலைகிறீர்கள். வக்கீல் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "பார்த்துக்கலாம்" என்கிறார். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் வழக்கு உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள், புகாரெல்லாம் அப்புறம்.

1. வழக்கு எங்கே நிற்கிறது?

இ-கோர்ட்ஸ் ஆப்பில் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் 16 இலக்கத் தனி அடையாள எண்) போட்டால், அடுத்த வாய்தா என்றைக்கு, இதுவரை எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்பது தெரியும். நீதிபதி விடுப்பில் இருந்ததற்கும் சாட்சி வராததற்கும் வக்கீலைத் திட்டிப் பயனில்லை.

2. நேரில் பேசுங்கள்

குமாஸ்தாவிடம் அல்ல, வக்கீலிடமே. அடுத்து என்ன மனு, எந்தச் சாட்சியிடம் என்ன கேட்கப் போகிறார் என்று கேளுங்கள். பேசியதைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

3. மாற்றுவதென்றால் குறுக்கு விசாரணைக்கு முன்பே

குறுக்கு விசாரணை என்பது எதிர்த்தரப்புச் சாட்சியிடம் உங்கள் வக்கீல் கேள்வி கேட்பது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். சாட்சிகளை விசாரித்து முடித்த பிறகு, "பழைய வக்கீல் சரியாகக் கேட்கவில்லை, திரும்பக் கூப்பிடுங்கள்" என்றால் கோர்ட் லேசில் சம்மதிக்காது. 2014-ல் டெல்லியில் நடந்த ஊபர் டாக்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புதிய வக்கீல் வந்ததும் சாட்சிகளை மறுபடி அழைக்கக் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வக்கீல் மாறினார் என்பது மட்டுமே காரணமாகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. மனு போட வழி இல்லாமல் இல்லை, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 348-வது பிரிவு இருக்கிறது (பழைய சட்டத்தில் 311). ஆனால் எந்தக் கேள்வி விடுபட்டது, அதனால் வழக்குக்கு என்ன கெடுதல் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

4. வக்காலத்தை மாற்றுவது

வக்காலத்து என்பது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரம். வழக்கை ஒப்புக்கொள்ளும் புதிய வக்கீலை முதலில் பிடியுங்கள். இடையில் ஆளில்லாமல் நிற்காதீர்கள். பழையவரிடம் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்து வாங்கிப் புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. தர மறுத்தால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கோர்ட் அனுமதி கேட்டு மனு போடலாம். சிறையில் இருப்பவர் வக்காலத்தில் கையெழுத்திட்டால் சிறை அதிகாரி சான்றளிப்பார்.

"பாக்கி பீஸைக் கொடு, கேஸ் கட்டைத் தருகிறேன்" என்கிறாரா பழைய வக்கீல்? பீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள், அது வேறு விஷயம். அவசரமென்றால் காத்திருக்காமல் கோர்ட்டிலேயே நகல் மனு போடுங்கள்.

5. கையில் காசில்லை என்றால்

இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்படிக் கிடைத்தவரே சரியில்லை என்றாலும் அங்கேயே எழுதிக் கொடுத்து மாற்றக் கேட்கலாம்.

6. தீர்ப்பு வந்துவிட்டதா?

மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள்: செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான்.

7. புகார்

வழக்கில் தோற்றது மட்டுமே குற்றமாகாது. பணம் வாங்கிவிட்டு மனுவே போடாதது, எதிர்த்தரப்போடு கைகோத்தது, கட்டைத் தர மறுத்தது போன்றவைக்கு ஆதாரத்தோடு வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவின்படி கண்டிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விஷயம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். இதனால் உங்கள் தண்டனை குறையாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி இன்னமும் சிலர் ஆலோசனை தருகிறார்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.