மூவர் சேர்ந்து ஒரு நெடுந்தூர ட்ரையத்லன்: திருகோணமலையிலிருந்து தொடங்கும் அஞ்சல் அணிக்கான செய்முறை

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடியவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கனவே தெரியும். ஒருவர் தம் பங்கை முடித்து, கையிலிருப்பதை அடுத்தவரிடம் கொடுக்கிறார். ட்ரையத்லன் அஞ்சல் அணியில் ஒருவர் நீந்துகிறார், மற்றவர் சைக்கிள் ஓட்டுகிறார், மூன்றாமவர் ஓடுகிறார். கோலுக்குப் பதிலாக, கணுக்காலில் கட்டிய நேரப்பதிவுச் சிப் கைமாறுகிறது. பாடசாலையில் அடுத்தவருக்காகச் சில விநாடிகள் காத்திருந்தோம், இங்கே சில மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும். புதிய அணிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் என்பதால், இந்த விளக்கத்தில் அதற்கே கூடுதலான இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலாம் படி: தூரத்தையும் காலத்தையும் தீர்மானியுங்கள்

நெடுந்தூரப் போட்டிகள் இரண்டு அளவுகளில் நடக்கின்றன. முழு அளவில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். அரை அளவில் இவை முறையே 1.9, 90, 21.1 கிலோமீற்றர்கள், மூன்றையும் கூட்டினால் 70.3 மைல் வருவதால் அதற்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது. அயர்ன்மேன் என்ற நெடுந்தூர ட்ரையத்லன் 1978இல் ஹவாயில் முதன்முதலாக நடந்தபோது 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மூன்றையும் தனியாகவே செய்தவர்கள். முதல் தடவை இறங்கும் அணிக்கு அரை அளவே போதுமானது.

கொழும்பில் அயர்ன்மேன் 70.3 முதன்முதலாக 2018 பெப்ரவரியில் நடந்தது; கோவாவில் 2019இல் தொடங்கியது. எந்தப் போட்டியாக இருந்தாலும், அந்த ஆண்டில் அது நடக்கிறதா, அஞ்சல் பிரிவு உண்டா என்பதை அமைப்பாளரின் அறிவிப்பில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அடுத்து நாட்காட்டியில் பின்னோக்கி 14 கிழமைகளை எண்ணுங்கள். எங்கள் திருகோணமலைக் கடல் சித்திரை முதல் புரட்டாதி வரைதான் நீந்துவதற்கு ஏற்றதாக இருக்கும். ஐப்பசிக்குப் பின்னர் வாடைக்காற்று எழும்பிவிட்டால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலில் இறங்குவது அறிவீனம். ஆகவே மாசி மாதத்துப் போட்டியைத் தெரிவு செய்பவர்கள், கடற்பயிற்சியைப் புரட்டாதிக்குள் முடித்துவிட்டு, மீதிக் காலத்தை நீச்சல் தடாகத்திலோ, சீனன்குடாப் பக்கத்து மாபிள் கடற்கரை போன்ற ஒதுக்கான இடத்திலோ கழிக்கத் திட்டமிட வேண்டும். உட்துறைமுகத்தில் கப்பல் பாதைகளும் கடற்படையின் தடைசெய்யப்பட்ட பகுதிகளும் இருப்பதால், விசாரிக்காமல் அங்கே இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: யாருக்கு எது?

வேகத்தை மட்டும் பார்த்துப் பங்குகளைப் பிரிப்பதுதான் வழமையான பிழை. கடிகாரத்தைப் பார்த்துப் பிரியுங்கள். போட்டி காலை 6.30க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான நீச்சல்காரர் 45 நிமிடத்தில் கரையேறினால் மணி 7.15. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் 90 கிலோமீற்றரைக் கடக்க 3 மணித்தியாலம் 36 நிமிடம் வேண்டும்; அப்போது மணி 10.51. உங்கள் ஓட்டக்காரர் உச்சி வெயிலை நோக்கித்தான் புறப்படுகிறார், முடிக்கும்போது பிற்பகல் ஒரு மணி தாண்டிவிடும். எனவே அதிகாலையில் வேகமாக ஓடும் தம்பியை விட, பதினொரு மணி வெயிலில் தலை சுற்றாமல் ஒரே வேகத்தில் ஓடக்கூடிய அக்கா அணிக்கு அதிகம் பயன்படுவார்.

பெரும்பாலான அரைத்தூரப் போட்டிகளில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், நீச்சலும் சைக்கிளும் சேர்த்து 5 மணி 30 நிமிடம், முழுவதற்கும் 8 மணி 30 நிமிடம் என்று எல்லை வைத்திருப்பார்கள். மூவரும் தத்தம் பங்கை இவற்றுக்குள் முடிக்கக்கூடியவர்களா என்று முன்கூட்டியே பரிசோதியுங்கள். மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால் இருவரே போதும். ஒருவர் இரண்டு பிரிவுகளைச் செய்யலாம். ஒரு பிரிவின் நடுவில் ஆள் மாறுவதற்கு அனுமதியில்லை.

மூன்றாம் படி: நீச்சல்காரர்

நீச்சல் தடாகத்தில் 1.9 கிலோமீற்றர் நீந்துபவர் கடலிலும் நீந்துவார் என்று நினைக்க வேண்டாம். தடாகத்தின் அடியில் கோடு இருக்கும், கடலின் அடியில் எதுவும் இராது. ஆறு முதல் பத்துக் கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, ஓர் அடையாளத்தைப் பார்த்துத் திசையைத் திருத்திக்கொள்ள வேண்டும். உப்புவெளிக் கடலில் எங்களுக்குக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையை விட நல்ல அடையாளம் வேறில்லை. பழகிய பின்னர் மலையைப் பார்ப்பதைக் குறைத்து, மிதவை அளவுள்ள சிறிய பொருளைப் பார்க்கப் பழகுங்கள். போட்டியில் கோணேசர் கோயில் உங்களுக்காக வந்து நிற்காது.

வெயிலின் திசையையும் கவனியுங்கள். திருகோணமலையில் காலையில் கடலுக்குள் போகும்போது சூரியன் கண்ணில் அடிக்கும், கரைக்குத் திரும்பும்போது முதுகில் இருக்கும். கொழும்பில் இது தலைகீழ்: போகும்போது சுகமாக இருக்கும், கரையை நோக்கித் திரும்பும்போது முடிவிடமே தெரியாமற் கண் கூசும். ஆகவே இங்கே பழகிய உணர்வை அப்படியே நம்பாமல், நிறமிட்ட நீச்சற் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உடலை இறுக்கும் ரப்பர் நீச்சலுடை வாங்க வேண்டியதில்லை. நீரின் வெப்பம் 24.5 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் பரிசுக்குரிய போட்டியாளர்கள் அதை அணிய முடியாது, எங்கள் கடல் அதை விடச் சூடானது.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை பல இடங்களில் காலையில் கரைவலை இழுப்பார்கள். வளைத்துவிட்ட வலைக்குள் நீந்துவது உங்களுக்கும் ஆபத்து, அவர்களுடைய பிழைப்புக்கும் இடைஞ்சல். முதல் நாளே வலையின் உரிமையாளரான சம்மாட்டியிடம் போய், "ஐயா, நாளைக்கு எத்தனை மணிக்கு வலை வளைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். அலைபேசியில் பார்க்கும் எந்த வானிலைப் பக்கமும் அவ்வளவு சரியாகச் சொல்வதில்லை. தனியாக நீந்தாதீர்கள், பளிச்சென்ற நிறத் தொப்பி அணியுங்கள்.

நான்காம் படி: சைக்கிள்காரர்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி என்று வடக்கே போய், திரியாய்ப் பக்கம் சென்று திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வந்துவிடும். வீதி பெரும்பாலும் சமதரையாக இருப்பதால் ஒரே வேகத்தைப் பிடித்துப் பழக இது நல்ல இடம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். திரும்பி வரும் வழியில் அது சற்று முன்னாலும் வரும் என்பதால், போகும்போது கிடைத்த வேகத்தைக் கண்டு மகிழ்ந்து கால்களைத் தீர்த்துவிட வேண்டாம். அதிகாலை 5.30க்குப் புறப்படுங்கள், வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக விளக்குப் பொருத்துங்கள்.

விலையுயர்ந்த சைக்கிள் அவசியமில்லை. இரு சக்கரங்களுக்கும் வேலைசெய்யும் பிரேக், முனை அடைத்த கைப்பிடி, உடையாத தலைக்கவசம் இவை இருந்தால் பரிசோதனையில் விட்டுவிடுவார்கள். ஆனால் ரியூப் மாற்றுவதை ஓட்டுபவரே பழகியிருக்க வேண்டும், ஏனெனில் வெளியாரின் உதவி விதிமீறலாகும். முற்றத்தில் வைத்து ஐந்து தடவை கழற்றிப் பூட்டினால் கை தானாக வந்துவிடும்.

மற்றொரு விதியும் உண்டு. முன்னால் செல்பவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது குற்றம். பொதுவாக முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்தி முடிக்க வேண்டும். நண்பர்களோடு வரிசையாக ஓட்டிப் பழகியவருக்கு இந்த இடைவெளி இயல்பாக வராது, ஆகவே நீண்ட ஓட்டங்களில் பாதியையாவது தனியாக ஓட்டுங்கள். அஞ்சல் அணியின் சைக்கிள்காரர் நீந்திக் களைக்காமல் புத்துணர்ச்சியோடு புறப்படுவதால் முதல் 20 கிலோமீற்றரில் மிதமிஞ்சி மிதிப்பார். அந்தப் பகுதியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டக்காரரும் அவருடைய காத்திருப்பும்

கடற்கரை வீதியிலும் உவர்மலைப் பக்கமும் ஓடி, வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டமாக 8 கிலோமீற்றரில் தொடங்கி 18 வரை உயர்த்துவது எல்லோரும் சொல்வதுதான். பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறி, மான்களுக்கு இடையே கோயில் வரை ஓடினால் சிறு ஏற்றமும் கிடைக்கும்; அந்த மான்கள் ஓடுபவரைச் சற்றும் மதிப்பதில்லை என்பதால் நீங்கள்தான் விலக வேண்டும். இந்தப் பயிற்சிகளை அதிகாலையில் செய்யலாம். ஆனால் போட்டிக்கு முந்திய ஐந்து கிழமைகளில் இரண்டு தடவையாவது, விடியற்காலையிலேயே எழுந்து, காலை முழுவதும் நிழலில் உட்கார்ந்திருந்து, 10.45க்கு ஓடத் தொடங்கிப் பாருங்கள்.

எங்கள் அணியில் ஓடுபவன் நான்தான். நாங்களே உப்புவெளியில் வைத்த ஒத்திகையில், சைக்கிள் வர எப்படியும் மூன்றரை மணித்தியாலம் ஆகும் என்ற நம்பிக்கையில் ஒன்பது மணிக்குப் பிட்டும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, இரண்டு தடவை தேநீரும் குடித்தேன். மூன்றாவது கிலோமீற்றரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாம்பல்தீவு வீதியோரத்தில் உட்கார்ந்தேன். நீச்சலடித்த எங்கள் ஆசிரியை அக்கா, "தம்பி, உனக்குத்தான் அதிக நேரம் இருந்தது, உனக்குத்தான் திட்டமே இல்லை" என்றார். அன்றிரவே கீழ்க்காணும் அட்டவணையை எழுதித் தந்தவரும் அவரே.

அதிகாலை 5 மணிக்கு வழக்கமான காலையுணவு. 8 மணிக்குப் பாணும் வாழைப்பழமும், அதற்குப் பின் கனமான எதுவும் இல்லை. காத்திருக்கும் நேரமெல்லாம் நிழலில் இருந்தபடி, ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) கரைத்த நீரையோ இளநீரையோ சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஜீவனிப் பொதி ஒன்றைச் சரியாக ஒரு லீற்றர் நீரில் கரைக்க வேண்டும், கடுப்பாகக் கரைத்தால் வயிறு குழம்பும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிப்பது இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். சைக்கிள் வருவதற்கு 25 நிமிடம் முன்னர் மெதுவான ஓட்டத்தால் உடலைச் சூடேற்றி, தொப்பியை நனைத்துக்கொண்டு, சிப் கைமாறும் மாற்றிடத்துக்குள் போக வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு நீர்நிலையத்திலும் ஓரிரு மிடறு குடித்துத் தலையிலும் கழுத்திலும் நீரூற்றுங்கள். வெயிலில் நடுக்கமோ குழப்பமோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவக் குழுவை அழையுங்கள்; அணியின் நேரம் பெரிதல்ல.

ஆறாம் படி: சிப்பைக் கைமாற்றுதல்

மாற்றிடம் என்பது சைக்கிள்கள் தொங்கவிடப்பட்டிருக்கும் வேலியடைத்த இடம். நீச்சல்காரர் கரையேறி, தமது அணியின் எண் ஒட்டிய தாங்கி வரை ஓடிவர வேண்டும். அங்கே சைக்கிள்காரர் தலைக்கவசத்தின் பட்டியை ஏற்கனவே பூட்டியபடி நிற்க வேண்டும், ஏனெனில் பட்டி பூட்டாமல் சைக்கிளைத் தொட்டாலே தண்டனை கிடைக்கலாம். நீச்சல்காரரின் விரல்கள் நீரில் ஊறி உணர்வற்றிருக்கும் என்பதால், சிப்பின் பட்டியைக் கழற்றுவதும் கட்டுவதும் காத்திருந்தவரின் வேலையாக இருக்கட்டும். சைக்கிளின் சங்கிலி வலப்பக்கம் இருப்பதால் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள். பிறகு ஏறும் கோடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், கோட்டைத் தாண்டிய பின்னரே ஏற வேண்டும். திரும்பி வரும்போது இறங்கும் கோட்டுக்கு முன்னரே இறங்கி, சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பின்னரே தலைக்கவசத்தைத் தொடுங்கள்; ஓட்டக்காரர் அதுவரை சிப் கட்டிய காலருகே குனிந்து காத்திருப்பார்.

இதை வீட்டு முற்றத்தில், கால்களை ஒரு வாளி நீரில் நனைத்துவிட்டுப் பத்துத் தடவை செய்து பாருங்கள். அயலவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு முதல் தடவை 50 விநாடி எடுத்தது, பத்தாவது தடவை 12.

ஏழாம் படி: கடைசி இரண்டு நாட்கள்

மூவரும் அடையாள அட்டையுடன் நேரில் போய்ப் பதிவை உறுதிசெய்து, விதிவிளக்கக் கூட்டத்தில் உட்காருங்கள். சைக்கிளை முதல் நாள் மாலையே மாற்றிடத்தில் வைக்கச் சொன்னால், வெயிலில் காற்று விரிந்து ரியூப் வெடிக்காமலிருக்க ரயரின் காற்றைச் சிறிது குறைத்துவிட்டு, போட்டியன்று காலையில் மீண்டும் அடியுங்கள். அதற்கான பம்பை யார் கொண்டுவருவது என்று பெயர் சொல்லிப் பொறுப்பளியுங்கள், இல்லாவிட்டால் மூவரும் மற்றவர் கொண்டுவருவார் என்று இருந்துவிடுவீர்கள்.

அமைப்பாளர் அனுமதித்தால் முடிவுக்கோட்டுக்கு முன்னால் மற்ற இருவரும் சேர்ந்து ஓடலாம். கோட்டைத் தாண்டியவுடன் ஓட்டக்காரரை நிழலுக்கு அழைத்துச் செல்வது நீச்சல்காரரின் வேலை. ஆறு மணித்தியாலத்துக்கு மேலாக ஓய்ந்திருப்பவர் அவர் ஒருவரே. சைக்கிளை மீட்பதற்குக் கையிலுள்ள எண் பட்டி தேவைப்படும் என்பதால் அதை முன்னரே வெட்டி எறிந்துவிட வேண்டாம். சிப்பைத் தொலைத்தால் பணம் அறவிடுவார்கள், ஆகவே பதக்கத்தோடு படம் எடுப்பதற்கு முன் அதைக் கழற்றி ஒப்படைத்துவிடுங்கள்.