வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேவாக விட்டிருக்கிறோம். காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி, ராத்திரிக்கு முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவோம். ஆரம்பித்த முதல் சீசனில் குஜராத்திலிருந்து ஒரு ஜெயின் குடும்பம் வந்தது. நானும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக சாம்பாரில் வெங்காயத்தை விட்டுவிட்டேன், பூண்டுப் பக்கமே போகவில்லை, மசாலாக் கிழங்கு வேண்டாமென்று வெறும் தோசையாக வார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். என்னவென்று குனிந்து பார்த்தால் என் கையில் பாதி வெங்காயம். முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டு, கல்லில் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். யோசித்துப் போடும் பொருளில் யாரும் தவறுவதில்லை. இறக்கும்போது விடுகிற ஒரு சொட்டு நெய், தாளிக்கும் கடுகு, சிட்டிகை பெருங்காயம் என்று கை பாட்டுக்குச் செய்வதில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் அந்த ஜெயின் விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மலைக்கு வரும் வடக்கத்தி விருந்தினர்களில் அவர்கள் நிறைய. வெங்காயம், பூண்டோடு பட்டியல் நிற்காது. உருளை, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பச்சை இஞ்சி என்று மண்ணுக்கடியில் விளைவது எதுவும் ஆகாது. சுக்கும் மஞ்சள்தூளும் பெரும்பாலானவர்களுக்கு ஆகும். தேன் கூடாது. கடுமையாக அனுசரிப்பவர்கள் ராத்தங்கிய உணவைத் தொடமாட்டார்கள், அதாவது நேற்று அரைத்துப் புளிக்க வைத்த மாவில் வார்த்த இட்லியும் தோசையுமே சிலருக்கு ஆகாது. அவர்களுக்கு அவல் உப்புமாவோ ரவை உப்புமாவோ அப்போதைக்கப்போது கிளறிக் கொடுங்கள். நேரமும் முக்கியம். சூரியன் மறைந்தபின் சாப்பிடாதவர்களுக்கு எட்டு மணிக்கு டின்னர் என்று சொன்னால் பட்டினி போட்டதாகத்தான் அர்த்தம். காலையிலும் சூரியன் உதித்து 48 நிமிடம் கழித்துத்தான் வாயில் தண்ணீர்கூட வைப்பேன் என்பவர்கள் உண்டு. (எங்கள் ஊர் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதைப் பெருமையாக எல்லாவற்றிலும் தட்டிப் போடுகிற வீடு எங்களுடையது. கஷ்டம்தான்.)

அடுத்த தவறு, ஒருவருக்குக் கற்றுக்கொண்ட பட்டியலை இன்னொருவருக்கு நீட்டுவது. வடக்கத்தி முறையில் நவராத்திரி விரதம் இருந்து வருபவரும் ‘வெங்காயம் பூண்டு வேண்டாம்’ என்றுதான் சொல்வார். சரி, தெரிந்த கதைதானே என்று ரவை உப்புமா செய்தால் போச்சு. அவர்களுக்கு அரிசியும் கோதுமையும் ஆகாது, ஆனால் உருளைக்கிழங்கு ஆகும். ஜவ்வரிசியோ குதிரைவாலியோ போட்டு, சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு சேர்த்தால் சாப்பிடுவார்கள். ஒருவருக்கு விலக்கான கிழங்கு இன்னொருவருக்கு அன்றைய முழுச் சாப்பாடு.

‘வெஜ்’ என்கிற சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். ஐரோப்பாவிலிருந்து வருகிற வெஜிடேரியன் பெரும்பாலும் முட்டை சாப்பிடுவார், நம் ஊர் சைவம் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்கும். முட்டை தோசை போட்ட கல்லிலேயே அடுத்த தோசையை வார்த்துக் கொடுப்பதும் அவர்களுக்கு ஆகாது, கேட்க வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். இலங்கையில் விடுதி நடத்துபவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும்: தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாட்டை மீன் என்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத வீகன் விருந்தினரிடம் நாம் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “பால் எதுவும் சேர்க்கலைங்க, நெய் மட்டும்தான்.” நெய்யும் பாலிலிருந்து வந்ததுதான். பொங்கலில் நெய், ரவா தோசை மாவில் மோர், காபியில் பால் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டாம், வீகன் சமையல் நமக்குத்தான் சுலபம். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த பொடி, புட்டு, கடலைக் கறி, சுக்குக் காபி. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ப்ரெட்டும் ஜாமும் வைப்பதுதான் எனக்குப் புரியவே புரியாது.

கோதுமை ஆகாதவர்களுக்கு இட்லி சாம்பார் பத்திரம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும்வரை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகள் மைதாவோ கோதுமை மாவோ கலக்கின்றன. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருப்பவருக்கு அந்தச் சிட்டிகையும் கணக்குதான். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் போட அது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி, வீட்டுச் சமையலறையில் அதை அளக்க முடியாது. அதனால் ரவை, சேமியாவைத் தவிர்த்து, பெருங்காயம் இல்லாமல், சப்பாத்தி உருட்டாத மேடையில் செய்து தருவோம், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று தலையாட்டுவது பெரிய தவறு.

விருப்பத்தையும் ஒவ்வாமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது ஆபத்து. ஜெயின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறினால் மலையில் என்ன செய்வீர்கள்? சட்னியில் கடலை இல்லையென்றால் போதாது, எண்ணெயைப் பாருங்கள். நாம் பெருமையாக ஊற்றும் செக்குக் கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். எள் ஒவ்வாமை இஸ்ரேலியர்களிடையே நன்றாகவே தெரிந்த ஒன்று, எங்கள் பக்கத்து வட்டக்கானலுக்கு வருபவர்களில் அவர்கள் கணிசம், நம் இட்லிப் பொடியிலும் நல்லெண்ணெயிலும் எள்தான். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் தெரிவிக்கச் சொல்லும் 14 பொருட்களில் கடுகும் ஒன்று. கடுகு தாளிக்காத குழம்பு நம் வீட்டில் ஏது? இப்படி யாராவது வந்தால் தனிச் சட்டி, தனிக் கரண்டி, அதையும் மற்ற சமையலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அவசர ஊசி வைத்திருக்கிறார்களா, எந்தப் பையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், நிம்மதிதான் அடைவார்கள்.

சுகர் இருப்பவருக்குக் கருப்பட்டிக் காபியை நீட்டி, “நாட்டுச் சரக்குங்க, ஒண்ணும் செய்யாது” என்பதை நிறுத்த வேண்டும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அடையோ சுண்டலோ கூடுதலாக வையுங்கள். இன்சுலின் போடுகிறவரென்றால் சொன்ன நேரத்துக்குத் தட்டு வந்தாக வேண்டும். ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரை ‘இதோ அஞ்சு நிமிஷம்’ என்று அரை மணி நேரம் காக்கவைத்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடக்கூடும்.

ஹலால் கேட்டால் கறி எந்தக் கடையில் வாங்கியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு மீனோ சைவமோ போதும்.

அப்புறம் நம் உபசாரம். “ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது” என்று நாலு தடவை வற்புறுத்துவது நமக்குப் பாசம், வேண்டாம் என்று சொல்லி அலுத்தவருக்கு இம்சை. ஒரு தடவை கேளுங்கள், விட்டுவிடுங்கள்.

இப்போது புக்கிங் வந்தவுடன் வாட்ஸ்அப்பில் இதை அனுப்புகிறேன்: “நீங்கள் சாப்பிடவே கூடாதது எது? சாப்பிட விரும்பாதது எது? முட்டை, பால், நெய் சேர்க்கலாமா? யாருக்காவது ஒவ்வாமை உண்டா? காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?” வந்து இறங்கியதும் வாயாலும் ஒருமுறை கேட்கிறேன், புக் செய்தவர் பெரும்பாலும் கூட வரும் மாமியாரைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

அந்தக் குஜராத்திக் குடும்பம் அன்று வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குப் போனார்கள். மறுநாள் காலை நான் அவல் எடுக்க, அந்த அம்மாவே உள்ளே வந்து வாணலியைக் கழுவி, சீரகம் தாளித்து, கைப்பிடி மல்லித்தழை தூவிக் கிளறிக் காட்டினார். அந்த வாணலியில் இன்றுவரை வெங்காயம் விழுந்ததில்லை, கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டித் தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.