லோ கார்ப் டயட்டில் பிஞ்ச் ஈட்டிங்: தவறு நடப்பது ராத்திரியில் இல்லை

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்டில் மூன்று வாரம் கச்சிதமாகப் போயிருக்கும். அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரை இல்லை. நான்காவது வாரம் ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குகூடப் போடாமல் சமையலறையில் நின்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறீர்கள். ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தது பாக்கெட்டின் அடிவரை போய், அப்புறம் அடுத்த டப்பா, அதற்கப்புறம் ஃப்ரிட்ஜ். ருசி தெரிந்தது முதல் நாலு பிஸ்கட் வரைதான், மீதியெல்லாம் கை எடுத்தது, வாய் மென்றது, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் ஒரு சபதம்: இன்றைக்கு முழுக்கத் தண்ணீர் மட்டும்.

அந்த ராத்திரியைத்தான் எல்லோரும் தவறு என்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காலைச் சபதம்தான் பெரிய தவறு, ஏனென்றால் அடுத்த பிஞ்ச்சுக்கு, அதாவது இப்படி நிறுத்த முடியாமல் தின்பதற்கு, நாள் குறிப்பதே அதுதான். இந்தச் சுழலில் நானும் நன்றாகவே சுற்றியிருக்கிறேன், அதனால் யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விருந்தில் இரண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டதும், டயட்டில் இல்லாத ஒரு துண்டு கேக்கைத் தின்றதும் பிஞ்ச் ஆகாது. டயட்டில் இருப்பவர்கள் ஒரு பழம் கூடுதலாகச் சாப்பிட்டாலே "நேற்று பிஞ்ச் பண்ணிட்டேன்" என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் மலிந்துவிட்டது. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டில்தான் பிஞ்ச் ஈட்டிங் தனி நோயாக இடம்பெற்றது. அதன்படி, சுமார் 2 மணி நேரம் போன்ற குறுகிய நேரத்துக்குள், அதே சூழலில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகமாகச் சாப்பிட வேண்டும், கூடவே "என்னால் நிறுத்த முடியவில்லை" என்ற உணர்வும் இருக்க வேண்டும். வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, பசியே இல்லாமல் சாப்பிடுவது, வெட்கப்பட்டு ஒளிந்து சாப்பிடுவது, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்பு வருவது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். இதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறையாவது, 3 மாதமாக நடந்து, மனதையும் வாட்டினால்தான் நோய் என்ற பெயர் வரும். சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது எல்லாம் வழக்கமாகிவிட்டால் அது புலிமியா என்ற வேறு நோய், அதற்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, அந்த அளவுக்குப் போகாமல், ஆனால் அதை நோக்கி நடந்துகொண்டிருப்பவர்கள் செய்கிற தவறுகளுக்கு வருவோம்.

மாவுச்சத்தோடு சேர்த்து சாப்பாட்டையே குறைப்பது

இதுதான் தாய்த் தவறு. லோ கார்ப் என்றால் பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே கார்ப் (மாவுச்சத்து), அதையே இன்னும் இறுக்கிய கீட்டோ என்றால் 20 முதல் 50 கிராம். கார்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தைக் கொழுப்பும் புரதமும் நிரப்ப வேண்டும். ஆனால் கொழுப்பு என்றாலே பயந்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் கார்பையும் குறைத்து, எண்ணெயையும் குறைத்து, இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் இலையும் தின்றுவிட்டு நாளை ஓட்டுகிறோம். முதல் சில வாரம் பசியும் அவ்வளவாகத் தெரியாது, கீட்டோவில் பலருக்கும் பசி மந்தமாவது நிஜம்தான். "பசியே இல்லை, எதற்கு மதியச் சாப்பாடு" என்று அதையும் விட்டுவிடுவோம். போதாததற்கு 16 மணி நேர ஃபாஸ்டிங்கையும் சேர்த்துக்கொள்வோம். உடம்பு இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்கிறது, வட்டியோடு வாங்கும்.

1944-இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. எடை சுமார் கால் பங்கு குறைந்தது, அதை யாரும் எதிர்பார்க்கலாம். ஆனால் அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தடை நீங்கியபின் சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்குக் கொடுத்தது லோ கார்ப் இல்லை, உருளைக்கிழங்கும் ரொட்டியும் மக்ரோனியும்தான். அதாவது அந்த வெறியைக் கிளப்பியது கார்ப் இல்லாத குறை அல்ல, சாப்பாடு போதாத குறை. "கார்ப் எனக்கு போதை மாதிரி, தொட்டால் விடமாட்டேன்" என்று சொல்கிறவர்கள், அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டோம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கு வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பிஞ்ச் ஈட்டிங்குக்கான சிகிச்சையில் பெயர் பெற்ற கிறிஸ்டோபர் ஃபேர்பர்னின் முறையில், ஆரம்பத்திலேயே கைவைப்பது என்ன சாப்பிடுகிறோம் என்பதில் இல்லை, எப்போது சாப்பிடுகிறோம் என்பதில். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டோ மூன்றோ சிறு தீனி, இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். லோ கார்பிலும் இதைச் செய்யத் தடை ஒன்றும் இல்லை. ஃபாஸ்டிங்கை மட்டும் தயவுசெய்து மூட்டை கட்டி வையுங்கள்.

உப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்ப் குறைந்தால் இன்சுலின் இறங்கும், இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பை வெளியே தள்ளும். முதல் வாரத்தில் வரும் தலைவலி, சோர்வு, எரிச்சல் பெரும்பாலும் இதனால்தான். அதை "உடம்பு சர்க்கரை கேட்கிறது" என்று எடுத்துக்கொண்டு இனிப்பு டப்பாவைத் திறக்கிறவர்கள் உண்டு. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்பு போட்ட சூப் ஒரு கிண்ணம் குடித்துப் பார்க்கலாம்.

முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு

ஒரு நாளைக்குக் கார்ப் 20 கிராம் என்று கோடு போட்டாயிற்று. மத்தியானம் ஒரு கூட்டத்தில் யாரோ நீட்டிய கேக்கை மறுக்க முடியாமல் வாயில் போட்டாயிற்று. கணக்குப் பார்த்தால் 35 கிராம். இப்போது மனசு சொல்லும்: கெட்டது கெட்டுப்போச்சு, இன்றைக்கு இஷ்டத்துக்குத் தின்போம், நாளையிலிருந்து ஒழுங்கா இருப்போம். 15 கிராம் மீறியது 300 கிராம் ஆவது இந்த ஒரு வரியால்தான்.

இதை 1975-இலேயே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லும்படி முன்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்தவர்கள் செய்வது அதுதானே. எப்போதும் டயட் கணக்கிலேயே இருப்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்களைச் சாப்பிட வைத்தது பசி இல்லை, விதி உடைந்துபோச்சு என்ற எண்ணம். அதனால் கண்ணாடி மாதிரி உடையும் விதியை வைத்துக்கொள்ளாதீர்கள். 20 என்று ஒற்றை எண் போடாமல் 50 முதல் 80 வரை என்று ஒரு வரம்பாக வைத்துக்கொண்டால், 70-இல் நின்ற நாளும் வென்ற நாள்தான். கேக் தின்ற நாளிலும் அடுத்த வேளைச் சாப்பாடு அதே நேரத்துக்கு, அதே மாதிரி. நாளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சீட் டே என்று இஷ்டத்துக்குத் தின்ன வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிஞ்ச் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். பழக்கம் உள்ளவர்களுக்கு அது நாள் குறித்து, அனுமதி வாங்கிச் செய்யும் பிஞ்ச், அவ்வளவுதான். ஆறு நாளும் ஏழாவது நாளை நினைத்தே ஓடும். பிடித்த ஒன்றை வார நடுவில் ஒரு சாதாரண சாப்பாட்டோடு, தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது எவ்வளவோ மேல்.

லோ கார்ப்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்

நான் அதிக நாள் ஏமாந்தது இதில்தான். பிஸ்கட்டை விட்டுவிட்டேன் என்ற பெருமையில் ராத்திரி பதினொரு மணிக்கு வேர்க்கடலை வெண்ணெயை டப்பாவிலிருந்தே கரண்டியால் தின்றுகொண்டிருந்தேன், கார்ப் எண்ணிக்கை சரியாக இருந்ததால் அதற்குப் பிஞ்ச் என்று பெயர் வைக்கத் தோன்றவே இல்லை. பாதாம் 100 கிராமில் கிட்டத்தட்ட 580 கலோரி, செடார் சீஸ் 100 கிராமில் 400 கலோரி, இரண்டும் கையளவில் நிற்காமல் டப்பா அளவில் போகக்கூடியவை. கலோரிகூட அடுத்த பிரச்சினைதான். நிறுத்த முடியாமல், ஒளிந்து, ருசிகூடத் தெரியாமல் சாப்பிட்டால் அதில் கார்ப் பூஜ்யமாக இருந்தாலும் அது பிஞ்ச்தான். கீட்டோ சாக்லேட், கீட்டோ குக்கீஸ் என்று விற்பவையும் அப்படியே. பலவற்றில் இருக்கும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றத்தான் செய்யும், கொஞ்சம் அதிகமானால் வயிற்றையும் கலக்கிவிடும். டப்பாவோடு சாப்பிடாதீர்கள், ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த மூடி நிறைய ராத்திரிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் காலை எடை பார்ப்பது

பிஞ்ச் முடிந்த காலையில் எடை மெஷினில் ஏறினால் 2 கிலோ கூடியிருக்கும், மூன்று வார உழைப்பும் போச்சு என்று தோன்றும். அது கொழுப்பு இல்லை. தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்துக் கையிருப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர், சுமார் 400, 500 கிராம் வரை இருக்கும், ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்பை நிறுத்திய முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்கியது இந்தத் தண்ணீர் போனதால்தான், இப்போது ஏறியது அது திரும்பி வந்ததால்தான். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே ராத்திரியில் 2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கு அதிகமாகத் தின்றிருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் பட்டினிச் சபதம் பிறக்கிறது, மத்தியானம்வரை தாங்கும், ராத்திரி மறுபடி டப்பா திறக்கும். மூன்று நாலு நாளைக்கு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், காலை உணவைச் சாப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கார்ப்மேலேயே பழி போடுவதும் தவறு. எப்போது, எங்கே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், கலோரி வேண்டாம். சண்டை போட்ட நாள், தனியாக இருந்த நாள், தூங்காத நாள் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். தூக்கத்துக்கு ஆதாரமே இருக்கிறது: 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்ட 12 இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, இனிப்பு மேலும் மாவுப் பண்டங்கள் மேலும் ஆசை ஏறியது.

இதையெல்லாம் செய்தும் வாரா வாரம் நடக்கிறது என்றால் டயட்டைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். லோ கார்ப் ஆட்கள் பலருக்கு இதைக் கேட்கப் பிடிக்காது. கார்பைக் குறைத்ததும் வெறி அடங்கிவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒத்துவந்தால் நல்லதுதான். ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிஞ்ச் ஈட்டிங்குக்குச் சிகிச்சை எடுக்கும் காலத்தில் எடைக்காக டயட் இருக்க வேண்டாம், அதுவே பிஞ்ச்சைத் தூண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. அதில் முதலில் பரிந்துரைப்பது, ஒருவர் கூட இருந்து வழிகாட்ட நாமே படித்துச் செய்யும் சுய உதவிப் பயிற்சி, அது போதாவிட்டால் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் கார்பைக் கூட்டுவதையும் குறைப்பதையும் தாங்களாகச் செய்யக் கூடாது. மருந்து அளவு மாறாமல் கார்ப் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், எஸ்ஜிஎல்டி2 வகை சர்க்கரை நோய் மாத்திரையோடு கீட்டோ இருந்தால் சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம்.

டாக்டரிடம் போனால் "எடை குறையணும்" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள், கையில் இன்னொரு டயட் அட்டவணைதான் கிடைக்கும். "சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, வாரத்தில் இத்தனை முறை, இத்தனை மாதமாக" என்று சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்து அவர் மேசையில் வையுங்கள்.