ஓடைக்கரைப் புதரைச் சங்கமாகச் சேர்ந்து பராமரிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல தெருக்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு, கீழே ஓடை, நடுவில் புதர். குடியிருப்போர் சங்கம் அதைச் சுத்தம் செய்யக் கிளம்பினால் முதல் சனிக்கிழமை கூட்டம் அள்ளும், மூன்றாம் மாதம் விரல் விட்டு எண்ணலாம். அந்த மிச்சப் பேர் திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொள்ள முடிகிற அளவு இடத்தை மட்டும் கையில் எடுங்கள்.

முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள். மாநகராட்சியுடையது என்றால் வார்டு கவுன்சிலர் வழியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உண்ணிச்செடி, ட்ரிஃபிட், பக்வீட் ஆகிய மூன்று அந்நியக் களைச்செடிகளும் நாட்டின் 2004-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 1பி வகை, அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர் அவற்றைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். மாநகராட்சிக்கும் அது பொருந்தும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

ட்ரிஃபிட்டை அடையாளம் காண்பது சுலபம்: இலையில் மூன்று நரம்பு சூலம் மாதிரி பிரியும், கசக்கினால் மண்ணெண்ணெய் வாசம். ஜூன், ஜூலையில் பூத்து, அப்புறம் விதை காற்றில் பறந்துவிடும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே வெட்டுங்கள். கன்றுகளை, இங்கே கோடையான டிசம்பர், ஜனவரி மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், வெட்டிய சில நிமிடத்துக்குள் களைக்கொல்லி தடவ வேண்டும், ஆனால் தண்ணீர் ஓரத்தில் அந்த வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். பக்வீட் இலையின் ரோமம் உதிர்ந்து தொண்டை கமறும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

சரிவை ஒரே நாளில் மொட்டையடிக்கவே கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மண் எப்படிச் சரிந்தது என்று நம் ஊருக்குத் தெரியும். பட்டை பட்டையாக வெட்டி, விதையில்லாத கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், காலியான இடத்தில் உடனே நடுங்கள். ஓடை ஓரத்துக்கு உம்டோனி அருமையான மரம். நம் நாவல் இனம்தான், பறவைகளும் தேடி வரும். உள்ளூர்ச் செடிகள் பற்றி சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்து நாற்றங்காலில் விசாரியுங்கள்.

பாம்பு பிடிப்பவர் எண் எல்லார் போனிலும் இருக்கட்டும். மாம்பா என்கிற கொடிய நச்சுப்பாம்பு உள்ள ஊர், புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள், பாம்பைக் கண்டால் யாரும் அடிக்கப் போகாமல் விலகி நில்லுங்கள்.

பக்கி என்கிற சிறு சரக்கு வண்டியில் கட்டட இடிபாடு கொண்டுவந்து கொட்டுகிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தூரத்திலிருந்து படம், வண்டி எண், நேரம் மூன்றையும் மாநகராட்சிக்கு அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் காணாமல் போகும்.

இன்னொன்று. உங்கள் புதர் டிமாஸ் என்கிற டர்பன் பசுமைவெளி வரைபடத்துக்குள் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். வந்தால் அங்கே கட்டடம் கட்டச் சுற்றுச்சூழல் பிரிவின் ஒப்புதல் தேவை. நிலத்தை விற்கவோ அதன் பயன்பாட்டு வகையை மாற்றவோ அறிவிப்பு வந்தால், அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் சங்கத்தின் பெயரில் ஒன்று, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று என்று எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.