கற்பனை உலகில் ஓர் எரிமலைத் தீவு: கொங்கு நாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு

கதைக்கானாலும் பலகை விளையாட்டுக்கானாலும் எரிமலைத் தீவு என்றதும் கை முதலில் உச்சியில் தீயைத்தான் வரையும். தீயை மூன்றாவதாக வையுங்கள். முதலில் காற்று, அடுத்தது குடிதண்ணீர். இந்த இரண்டும் முடிவானால் ஊர் எங்கே, துறைமுகம் எங்கே, எந்த ஊர் எந்த ஊரைக் கெஞ்ச வேண்டும் என்பது வரை தானாக அமையும். கடல் இல்லாத சீமையில் இருந்துகொண்டு தீவை எழுதுவதா என்று தயங்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் வறண்டுபோன கிணற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தேவையானதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஏ4 அளவு கிராஃப் தாள் ஒன்று, காம்பஸ், பென்சில் போதும். 1 செ.மீ. = 1 கி.மீ. உச்சி 1,800 மீட்டர். தாளின் நடுவில் 3 மி.மீ. ஆரத்தில் எரிமலை வாயை வரையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு 200 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வட்டம். முதல் மூன்று வட்டங்களுக்கு இடைவெளி மூன்றரை மி.மீ. (சரிவு 30 பாகை), அடுத்த மூன்றுக்கு ஏழரை மி.மீ. (15 பாகை), கடைசி மூன்றுக்கு 19 மி.மீ. (6 பாகை). ஒன்பதாவது வட்டம்தான் கடற்கரை. தீவின் குறுக்களவு பதினெட்டரை கி.மீ. வரும், கோவையிலிருந்து சூலூர் போகிற தூரம்.

உச்சி முதல் கடல் வரை ஒரே செங்குத்தாக வரைவதுதான் அதிகம் நடக்கிற தவறு. உதிரிச் சாம்பலும் கங்குக் கல்லும் 33 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். அப்படி வரைந்தால் உழுவதற்கும் இடம் மிஞ்சாது. கீழ்ச்சரிவு சாய்வாக அகன்று கிடந்தால்தான் தீவில் குடியானவர் இருக்க முடியும்.

இந்த அளவெல்லாம் கெட்டியான எரிமலைக் குழம்பு கக்கும் மலைக்கு. ஹவாய்போல நீர்த்த குழம்பு ஓடும் தீவு வேண்டுமென்றால் சரிவு 2 முதல் 10 பாகைக்குள் இருக்க வேண்டும். சராசரி 5 பாகை என்று வைத்தால் அதே உயரத்துக்கு ஆரம் 20 கி.மீ. தாண்டும். 1 செ.மீ. = 2.5 கி.மீ. என்று அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டில் எது என்று இங்கேயே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் சாவும் அதைப் பொறுத்தே வரும். நீர்த்த குழம்பு 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் சூட்டில் வந்தாலும், சாய்வான தரையில் பெரும்பாலும் ஆள் நடந்தே விலகிவிடலாம். வீடும் தோட்டமும் போகும், உயிர் தப்பும். கெட்டிக் குழம்பு அடைத்துக்கொண்டு வெடித்தால், சாம்பலும் வாயுவும் கலந்த சூட்டு மேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் சரிவில் இறங்கும். அதன் முன்னால் உங்கள் நாயகனை ஓடவிட்டுத் தப்ப வைக்காதீர்கள், வாசகர் நம்பமாட்டார்.

இனிக் காற்று. ஆடி மாதத்தில் வால்பாறையில் மழை கொட்டும்போது பல்லடத்தில் வெறும் புழுதிக்காற்று அடிக்கிறதே, அதே கணக்கைத் தீவுக்குள் அடக்குங்கள். ஹவாயின் கவாய் தீவில் வையாலெயாலெ மலையில் ஆண்டுக்குச் சராசரி 9,000 மி.மீ.க்கு மேல் மழை, முப்பது கி.மீ.கூட இல்லாத மேற்குக் கரையில் 500 மி.மீ. அளவுதான். வரைபடத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். காற்று மோதும் பக்கம் ஆழமான பள்ளங்களும் பெரணிக் காடும். மறுபக்கம் காங்கேயத்துக் கொறங்காடு மாதிரிப் புல்லும் முள்ளும். காற்றுமுகக் கரையை 1 செ.மீ. உள்ளே தள்ளிச் செங்குத்துப் பாறையாக்குங்கள். அலை அங்கேதான் அறுக்கும். 1963 முதல் 1967 வரை ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலிலிருந்து எழுந்த சர்ட்சி தீவு 2.7 சதுர கி.மீ. வரை வளர்ந்து, இன்று பாதியாகத் தேய்ந்து நிற்கிறது.

துறைமுகம் காற்றுக்கு மறைவான, அலை அடங்கிய பக்கத்தில்தான் வரும். சாம்பலையும் காற்று அதே பக்கத்துக்குத்தான் கொண்டு வரும். கதையின் பெரிய முடிச்சு இதுவே, தனியாக ஒரு வில்லன் தேவையில்லை. பத்து செ.மீ. சாம்பல் நனைந்தால் ஒரு சதுர மீட்டர் கூரையில் 100 முதல் 200 கிலோ ஏறும். கைமரம் முறியும். அதனால் துறைமுகத்து வீடுகளுக்கு நல்ல சரிவுள்ள கூரை, நெருக்கிப் போட்ட கைமரம், சுவரில் நிரந்தரமாக ஓர் ஏணி. மழைமேகம் கூடியதும் ஆணும் பெண்ணும் மேலே ஏறி, முகட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ள வேண்டும். ஒரே பக்கத்தைக் காலி செய்தால் பாரம் ஒருபுறம் சாய்ந்து வீடே திருகிக்கொள்ளும். பெரிய வெடிப்பில் சாம்பல் பல கி.மீ. உயரம் போய்விட்டால் அங்கே காற்று வேறு திசையில் அடிக்கலாம். அன்றைக்குத் தப்பியதாக நினைத்த ஊர் மாட்டும்.

தண்ணீரில்தான் கொங்குக்காரர் கை தவறும். நம் ஊரில் கிணறு வற்றினால் போர் போட்டு ஆழம் போவோம். தீவில் ஆழம் போனால் உப்பு. இளம் எரிமலைப் பாறை ஓட்டை ஓட்டையாக இருப்பதால் மழை நிற்காமல் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் நல்ல தண்ணீராக மிதக்கும். கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். மேல்மட்டத்தை 10 செ.மீ. குறைத்தால் உப்பு, நாளடைவில் 4 மீட்டர் மேலேறும். ஆகவே ஒரே பெரிய கிணறு வேண்டாம். ஆழமில்லாத கிணறுகளைப் பரவலாக வைத்து முறை போட்டு இறைக்கச் செய்யுங்கள். முறை மீறி இறைத்தவன் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கிறான் என்பதால், பஞ்சாயத்து இங்கே கட்டாயம் இருக்கும். மலைக்குள் பழைய குழம்பு உறைந்து நிற்கும் செங்குத்துப் பாறைச் சுவர்கள் மழைநீரைத் தேக்கி வைக்கும். நடுச்சரிவில் ஊற்றுகள் அங்கிருந்து வரும். ஊற்று யார் கையிலோ, தீவு அவர் கையில்.

வறண்ட பக்கத்தில் வெள்ளாமை முடியாது என்று விட்டுவிடாதீர்கள். கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கி விளைநிலத்தை மூடியது. குடியானவர்கள் சாம்பல் கல்லில் புனல்போலக் குழி பறித்து, கீழே பழைய மண்ணைத் தொட்டு, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்தார்கள். காற்று வரும் பக்கத்தில் அரைவட்டமாகக் குட்டைக் கல்சுவர். மேலே கிடக்கும் கறுப்புக் கல் ஈரத்தை ஆவியாக விடாது. நம் மானாவாரிக்காரர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வேலை.

தீவில் இரும்புத் தாது எளிதில் கிடைக்காது, சுண்ணாம்புப் பாறையும் இருக்காது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கினார்கள். தீவுக்காரர்கள் அப்படிப்பட்ட ஊருக்குக் கப்பல் விட வேண்டும். கொண்டுபோய் விற்கக் கந்தகமும் நுரைக்கல்லும் உண்டு. சுண்ணாம்புக்குப் பவளப்பாறையையோ சிப்பியையோ சுட வேண்டும். அதோடு எரிமலைச் சாம்பலைக் கலந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும் காரை. ரோமானியர் துறைமுகம் கட்டியது அதில்தான். கண்ணாடிபோன்ற கறுப்புக்கல் கத்தி வேண்டுமானால் கெட்டிக் குழம்பு மலையாக இருக்க வேண்டும். ஆடுமாடு படகில் ஏற்றி வந்தவையே. தானாக வந்து சேர்ந்தவை பறவை, வௌவால், நண்டு, பல்லி.

இப்போது தீ. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை முடிவு செய்யுங்கள். அந்தமானின் பாரன் தீவு 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி 1991-ல் மறுபடி விழித்தது. அவ்வளவு இடைவெளி விட்டால் ஊரில் யாருக்கும் நேரடி நினைவு இருக்காது, கோயில் சடங்கில் மட்டும் மிச்சமிருக்கும். அறிகுறிகளைப் படிப்படியாகக் கொடுங்கள்: சிறு நடுக்கங்கள், கிணற்று நீரில் சூடும் சுவையும் மாறுவது, ஒரே திட்டில் மரங்கள் பட்டுப்போவது, பள்ளத்தில் இறங்கிய ஆடு எழாமல் கிடப்பது. கரியமில வாயு காற்றைவிடக் கனம். தாழ்வில் தேங்கும், வாசனை இல்லை.

மந்திரத்துக்கு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி, அதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னபடியே நடக்கட்டும்.

கடைசியாகச் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதத்துக்கும் காற்றுத் திசை, குடிதண்ணீர், உணவு, வரும் கப்பல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். ஏதாவது ஒரு மாதத்தில் துறைமுகத்துக்குத் தண்ணீர்க் கட்டம் காலியாக இருந்தால், 600 மீட்டர் கோட்டருகே இன்னோர் ஊற்று வையுங்கள். கரையிலிருந்து அங்கே கிட்டத்தட்ட 6 கி.மீ., ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடம் சுமந்து இறங்கும் நேரத்தையும் சேர்த்தே காட்சியை எழுதுங்கள்.