மாறாத வால்பேப்பர்: என் அனுபவம்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பழைய கணினி ஒன்று வாங்கினோம். அம்மாவுக்கு டெஸ்க்டாப்பில் தெப்பக்குளம் படம் வேண்டும். அமைப்புகளில் வால்பேப்பரை (திரையின் பின்னணிப் படத்தை) மாற்றும் பகுதியோ க்ளிக் செய்ய முடியாமல் மங்கிக் கிடந்தது. மேலே சிவப்பு எழுத்தில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஒரு வரி. என் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்தான், அப்படியும் மாறவில்லை. விண்டோஸ் 10 ஹோம் என்பதால், இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டரும் கிடையாது.

சரி என்று, விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தேன். முதலில் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், அதற்குள் ஆக்டிவ்டெஸ்க்டாப் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனேன். அங்கே ‘நோசேஞ்சிங்வால்பேப்பர்’ மதிப்பு 1 என்று இருந்தது, அதாவது வால்பேப்பரை மாற்றத் தடை. அதை 0 ஆக்கி, சைன் அவுட் செய்து திரும்ப வந்தேன்.

தெப்பக்குளத்து நடு மண்டபம் திரை முழுக்க நின்றது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.