குவாண்டம் புலக் கோட்பாடு: உங்களுக்கான பாடப்புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துகள்களைப் புலங்களின் அதிர்வுகளாகப் பார்ப்பது குவாண்டம் புலக் கோட்பாடு. ஹார்மானிக் ஆசிலேட்டரின் ஏணி ஆபரேட்டர்களும் (ஆற்றலை ஒரு படி ஏற்றி இறக்குபவை) சார்பியலின் நான்கு-வெக்டர்களும் (காலக் கூறும் இடக் கூறுகளும் சேர்ந்தவை) கைக்குப் பழகியிருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

முதலில் டேவிட் டாங்கின் கேம்பிரிட்ஜ் குறிப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், தெளிவு. ஆனால் அதில் லூப் கணக்குகள் (ஃபெய்ன்மன் படங்களில் மூடிய வளையம் தரும் திருத்தங்கள்) கிடையாது. அதற்குத்தான் பாடப்புத்தகம் வேண்டும்.

அடுத்து, பெஸ்கின்–ஷ்ரோடர் (1995), ஸ்ரெட்னிக்கி (2007), ஷ்வார்ட்ஸ் (2014) மூன்றிலும் ஒரே கணக்கைத் திறந்து பாருங்கள். எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு 1948-இல் ஷ்விங்கர் கண்ட திருத்தம், கிட்டத்தட்ட 0.00116, இதற்கு ஏற்றது. பெஸ்கினில் 6-ஆம் அத்தியாயம், ஷ்வார்ட்ஸில் 17, ஸ்ரெட்னிக்கியில் 64. முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எந்தப் புத்தகத்தில் உங்களால் பேனா பிடித்துப் போக முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெஸ்கின், ஷ்வார்ட்ஸ், டாங் மூவருக்கும் மெட்ரிக்கில் (காலவெளியில் நீளத்தை அளக்கும் விதி) காலம் பிளஸ், இடம் மைனஸ். நான்கு-உந்தத்தின் வர்க்கம் நிறையின் வர்க்கத்துக்குச் சமம். ஸ்ரெட்னிக்கியும் இன்னொரு பாடப்புத்தகமான வைன்பர்க்கும் நேர்மாறு. அங்கே அதே உந்த வர்க்கம் மைனஸ் நிறை வர்க்கம். ஏணி ஆபரேட்டர்களின் கம்யூட்டேட்டரும் (வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசம்) மாறும்: ஸ்ரெட்னிக்கியில் கூடுதலாக இரண்டு ஒமேகா (ஒமேகா என்பது துகளின் ஆற்றல்) என்ற காரணி வரும். ஒன்றில் பாதியும் இன்னொன்றில் மீதியும் படித்தால் புரோபகேட்டரில் (துகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதைச் சொல்லும் சார்பு) பிளஸ்-மைனஸ் குறி புரண்டுவிடும், தவறு எங்கே என்றே தெரியாது. அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் மெட்ரிக், கம்யூட்டேட்டர் இரண்டையும் எழுதி வையுங்கள். துணைப் புத்தகமும் அதே குறியில் இருக்கட்டும்.

தனியாகப் படிப்பவருக்கு என் பரிந்துரை ஷ்வார்ட்ஸ், துணைக்கு டாங். ரீநார்மலைசேஷனை (லூப்களில் வரும் முடிவிலிகளைக் கையாளும் முறை) ஸ்பின்னின் சிக்கல் இல்லாமல் முதலில் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்ரெட்னிக்கிதான். ஆறு பரிமாணத்தில் ஒரு ஸ்கேலார் (ஸ்பின் இல்லாத) புலத்தை வைத்தே அதை அழகாகக் காட்டிவிடுகிறார். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் முன்னால் படித்திருக்க வேண்டியவற்றின் பட்டியல் உண்டு. வரைவுப் பிரதி அவர் தளத்தில் இலவசம். வைன்பர்க்கை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: திண்மப் பொருள் இயற்பியலிலிருந்து வருபவர்கள் லங்காஸ்டர்–பிளண்டெல் (2014) பக்கம் போகலாம். சோதனை இயற்பியலாளர்கள் எழுதியது, அத்தியாயங்களும் சின்னவை. மெட்ரிக் குறி ஷ்வார்ட்ஸுடையதுதான்.